கார்பனைக் கொட்டுவதற்கு முன்னால்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் தேங்காய்த் தொட்டியிலிருந்து, தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆக்டிவேட்டட் கார்பன் உருவாகும் கதையை எழுதியிருந்தேன். தொட்டியைச் சுட்டுக் கரியாக்கி, அந்தக் கரியை 900 டிகிரி பக்கம் நீராவியில் வாட்டினால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள் திறந்துகொள்ளும். ஒரு கிராமுக்குள் 1000 சதுர மீட்டர் அளவுக்குப் பரப்பு கிடைக்கும். அழுக்கு அந்தப் பரப்பில்தான் ஒட்டுகிறது. இவ்வளவுதான் அதன் சாரம். கடைசியில், பயன்படுத்தித் தீர்ந்த கார்பனை மைக்ரோவேவில் சூடாக்கி மறுபடி உயிர் கொடுக்கலாம் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டவைதான். காங்கேயம் பக்கம் ஒரு கார்பன் ஆலையின் ஆய்வகத்தில் 24 வருடம் இருந்தவன் நான். அந்த அனுபவத்தை வைத்துப் பதில் சொல்கிறேன்.

எங்கள் வீட்டு ஆர்.ஓ. மெஷினில் வருடம் ஒருமுறை கார்பன் ஃபில்டரை மாற்றுகிறார்கள். பழையதைக் குப்பையில் போட மனசு வரவில்லை. உடைத்துக் கரியை எடுத்து, சமையலறை மைக்ரோவேவில் ஐந்து நிமிடம் வைத்தால் போதுமா?
*வாசகி, சேலம்*

உங்களுக்கு மனசு வராததில் நியாயம் இருக்கிறது. ஒரு கிலோ கார்பன் செய்ய ஏறத்தாழ 80 தேங்காயின் தொட்டி வேண்டும். தொட்டி கரியாகும்போது எடையில் முக்கால் பங்கு போய்விடும். கரி கார்பனாகும்போது இன்னும் மூன்றில் இரண்டு பங்கு போகும். அப்படி வந்த பொருளை ஒரே வருடத்தில் கொட்டுவது உறுத்தத்தான் செய்யும். ஆனாலும் வீட்டு மைக்ரோவேவில் வைக்க வேண்டாம் அம்மா.

எங்கள் ஆய்வகத்தில் யாரோ வீட்டிலிருந்து கொண்டுவந்து போட்ட பழைய மைக்ரோவேவ் ஒன்று இருந்தது. 50 கிராம் கார்பனை ஒரு சிலிக்கா கிண்ணத்தில் வைத்து ஓடவிட்டோம். முதலில் கதவுக் கண்ணாடியில் ஆவி படிந்தது. அது வடிந்ததும் குருணைகளுக்கு நடுவே வெள்ளையும் நீலமுமாகப் புள்ளிகள் மின்னத் தொடங்கின. கடுகு வெடிக்கிற மாதிரி சன்னமான சத்தம். இரண்டாவது நிமிடத்தில் கிண்ணத்தின் நடுப்பகுதி மட்டும் அடுப்புத் தணலாகப் பழுத்தது, ஓரத்தில் இருந்த குருணை கறுப்பாகவே இருந்தது. நிறுத்திவிட்டு வெளியே எடுத்தோம். கிண்ணம் இருந்த இடத்தில் கண்ணாடித் தட்டு விரிசல் விட்டிருந்தது.

அந்த அடுப்புக்குள் இருந்தது சாதாரணக் காற்று. காற்றில் இருக்கும் ஆக்சிஜன் பழுத்த கரியோடு சேர்ந்தால் கரியே எரியும், கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனை கிடையாது, ஜன்னல் மூடிய சமையலறையில் அது ஆளைக் கொல்லும். ஆலைகளில் நைட்ரஜனோ நீராவியோ செலுத்தி, காற்றை விரட்டிவிட்டுத்தான் சூடாக்குவார்கள்.

அப்புறம் உங்கள் ஃபில்டரின் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். பல ஃபில்டர்களில் இருப்பது தனிக் குருணை இல்லை. கார்பன் தூளைப் பிளாஸ்டிக் தூளோடு சேர்த்து அழுத்திய கட்டி. சூடானால் முதலில் உருகிப் புகைவது அந்தப் பிளாஸ்டிக்தான். இன்னொன்று, குழாய்த் தண்ணீரில் வரும் குளோரின் கார்பனில் வெறுமனே ஒட்டிக்கொள்வதில்லை, அதோடு வினைபுரிந்து தீர்ந்துபோகிறது. கூடவே வண்டலும் உப்புப் படிவும் சேர்ந்திருக்கும். அவை எவ்வளவு சூட்டுக்கும் ஆவியாகிப் போகாது. குருணையாக இருந்தால் பூந்தொட்டி மண்ணோடு கலந்துவிடுங்கள். ஃபில்டர் உறையில் வெள்ளி பூசிய கார்பன் என்று போட்டிருந்தால் அதுவும் வேண்டாம்.

பீங்கான் தட்டு மைக்ரோவேவில் அவ்வளவாகச் சூடாவதில்லை. தண்ணீர் இருந்தால்தான் சூடு வரும் என்று படித்தோம். தண்ணீரே இல்லாத கார்பன் எப்படிப் பழுக்கிறது?
*பாலிடெக்னிக் மாணவர், காரைக்குடி*

நல்ல கேள்வி தம்பி. வீட்டு மைக்ரோவேவின் அலை 2.45 கிகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 245 கோடி முறை அதிர்கிறது. தண்ணீர் மூலக்கூறில் ஒரு பக்கம் நேர்மின், மறுபக்கம் எதிர்மின். அலையின் மின்புலம் மாற மாற அது திரும்பத் திரும்பப் புரள்கிறது, அந்தப் புரளல்தான் சூடு. கார்பனின் கதை வேறு. அதன் உள்ளே பென்சில் முனையில் இருப்பது போன்ற சின்னச் சின்ன அடுக்குகள் உண்டு. அந்த அடுக்குகளில் எலக்ட்ரான்கள் சுதந்திரமாக ஓடும். புலம் இந்தப் பக்கம் இழுத்தால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம். அடுக்கு முடியும் இடத்தில் போக வழியில்லாமல் தேங்கும், அந்த ஆற்றல் சூடாக மாறும். இரண்டு குருணைக்கு நடுவே இடைவெளி இருந்தால் தாண்டவும் செய்யும். நான் மேலே சொன்ன நீலப் புள்ளிகள் அவைதான். பீங்கானில் எலக்ட்ரான்கள் கட்டிப்போட்டது போல இருப்பதால் அலை அதைப் பெரும்பாலும் ஊடுருவிப் போய்விடுகிறது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. சாதாரணச் சூளையில் சூடு வெளியிலிருந்து உள்ளே போகிறது. குருணையின் தோல் முதலில் சூடாகும், நடு கடைசியில்தான். துளைக்குள் இருக்கும் அழுக்கு ஆவியாகி வெளியே வரும்போது எதிரே இன்னும் சூடான சுவர் நிற்கிறது. அங்கேயே வெந்து கருகி, புதுக் கரியாகப் படிந்து வாயை அடைத்துக்கொள்ளும். மைக்ரோவேவில் குருணையே அடுப்பாகிவிடுகிறது. நடு சூடாக இருக்கும், வெளி கொஞ்சம் ஆறியிருக்கும். ஆவி போகிற திசையும் சூடு போகிற திசையும் ஒன்றுதான். ஸ்பெயினில் ஒவியேடோ நகரில் உள்ள தேசிய கார்பன் ஆய்வு நிறுவனத்தார் பீனால் என்ற ரசாயனம் ஏறிய கார்பனை இரண்டு முறையிலும் சூடாக்கி ஒப்பிட்டு 2004-இல் வெளியிட்டார்கள். மைக்ரோவேவில் நேரம் மிகக் குறைவு, துளைகளும் கூடுதலாகத் தப்பின என்பது அவர்கள் கண்டது.

இடைஞ்சலும் இருக்கிறது. கார்பன் அலையை அவ்வளவு ஆசையாக விழுங்குவதால், அலை ஆழமாகப் போவதில்லை, சில சென்டிமீட்டருக்குள் தீர்ந்துவிடும். அரை அடி உயரத்துக்குக் கொட்டி வைத்தால் மேலே பழுத்திருக்கும், நடுவில் ஈரம் காயாமல் இருக்கும். அதனால்தான் பெரிய எந்திரங்களில் இன்னும் ஆழம் போகும் 915 மெகாஹெர்ட்ஸ் அலையை எடுத்துக்கொண்டு, கார்பனையும் புரட்டிக்கொண்டே இருக்கிறார்கள். இன்னொரு சங்கடம், சூடு ஏற ஏறக் கார்பன் இன்னும் அதிகமாக அலையை இழுக்கும். ஓர் இடம் முந்திக்கொண்டால் அதுவே மேலும் மேலும் முந்தும். சூட்டை அளக்க சாதாரண உலோகக் கம்பியை உள்ளே விட்டால் அதிலேயே பொறி பறக்கும். வெளியிலிருந்து அகச்சிவப்புக் கருவியால் பார்த்தால் மேல்தோலின் சூடு மட்டும்தான் தெரியும். 700 டிகிரி என்று யாராவது சொன்னால், எந்த இடத்தில் அளந்தது என்று கேள்.

சின்ன சாயப்பட்டறை வைத்திருக்கிறேன். கழிவுநீரைச் சுத்திகரித்த பிறகு கடைசியாகக் கார்பன் நிரப்பிய உருளையில் (column) விடுகிறோம். தீர்ந்த கார்பன் மூட்டை மூட்டையாகச் சேர்ந்துகிடக்கிறது. மைக்ரோவேவ் எந்திரம் ஒன்றைக் காட்டி, கரண்ட் செலவு மட்டும்தான், கார்பன் புதுசாகிவிடும் என்கிறார் ஒருவர். வாங்கலாமா?
*வாசகர், திருப்பூர்*

உங்கள் கார்பனையே இரண்டு மூட்டை கொடுத்து ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். கண்ணைப் பறிக்கிற புதுக் கார்பனை வைத்துச் செய்துகாட்டுவது சுலபம். உங்கள் கார்பன் உப்பும் சாயமும் ஊறியது.

கரண்ட் கணக்கையே முதலில் பார்ப்போம். உருளையிலிருந்து வடித்து எடுத்த கார்பன் 100 கிலோ என்றால் அதில் சுமார் பாதி தண்ணீர். அந்த 50 கிலோ தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்கவே 35 யூனிட் வேண்டும். மிச்சமிருக்கும் 50 கிலோ கார்பனை 800 டிகிரிக்குக் கொண்டுபோக 12, 13 யூனிட்தான். அலையை உண்டாக்கும் மேக்னட்ரான் என்ற பாகம் எடுத்துக்கொள்ளும் கரண்டில் மூன்றில் இரண்டு பங்குதான் அலையாக வெளியே வரும். ஆக மீட்டரில் 70 யூனிட் ஓடும், அதில் 50-க்கு மேல் வெறும் தண்ணீருக்குப் போய்ச் சேரும். பத்து சதவீத ஈரத்துக்குக் காய வைத்துவிட்டுப் போட்டால் அதே வேலை 25 யூனிட் பக்கம் முடிந்துவிடும். எங்கள் ஆலையில் கரி எடை போடும் பெரியவர் ஒருவர் ஒரு பிடி அள்ளிக் காதருகே குலுக்கிப் பார்த்து, "இன்னும் காயலைங்க சார்" என்பார். அவர் சொன்ன பிறகு ஈரமானியில் போட்டுப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும். மைக்ரோவேவ் வாங்குகிறீர்களோ இல்லையோ, வடிகால் கழிவுத் தொட்டிக்கே திரும்பிப் போகிற மாதிரி ஒரு சிமெண்டுத் தளமும் மேலே கூரையும் போட்டுக்கொள்ளுங்கள். மண் தரையில் மட்டும் காயப் போடாதீர்கள். வடிகிற சாயம் உங்கள் பக்கத்துக் கிணற்றுக்குத்தான் போகும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் பட்டறைகள் எல்லாம் மூடிக் கிடந்தது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அடுத்தது உப்பு. சாயம் ஏற்றக் கொட்டும் உப்பில் கொஞ்சம் கார்பனின் ஈரத்தோடு தங்கிவிடும். சோற்றுப்பு 801 டிகிரியில் உருகும். உருகினால் துளை வாயில் மெழுகு ஊற்றிய மாதிரிதான். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிவிட்டுத்தான் சூட்டுக்கு அனுப்ப வேண்டும். தண்ணீரின் கடினத்தன்மையால் படியும் சுண்ணாம்பு இன்னும் மோசம். சூட்டில் அது கார்பனையே அரிக்கத் துணைபோகும், ஒவ்வொரு சுற்றிலும் எடை கூடுதலாகக் குறையும். அதற்கு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு கழுவல் தேவைப்படும். அந்தக் கழுவிய தண்ணீரும் உங்கள் கணக்கில்தான் சேரும்.

இதையெல்லாம் சமாளித்துவிடலாம். என்னைத் தூங்கவிடாத கேள்வி வேறு: ஆவியான அழுக்கு எங்கே போகிறது? சூட்டில் சாயம் மாயமாக மறைவதில்லை. பாதி உடைந்து வாயுவாக வெளியே வருகிறது, பாதி உள்ளேயே கருகி, பிறகு நீராவியோடு சேர்ந்து கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனுமாகப் போகிறது. சாயத்தில் குளோரின் இருந்தால் ஹைட்ரஜன் குளோரைடும் வரும். இரும்பு குழாய் ஒரே மழைக்காலத்தில் சல்லடையாகும். ஒழுங்கான ஆலைகளில் இந்த வாயுவைத் தனி அறையில் 850 டிகிரிக்கு மேல் ஒன்றிரண்டு நொடியாவது எரித்து, பிறகு காரத் தண்ணீரில் கழுவித்தான் புகைபோக்கிக்கு விடுவார்கள். பல இடங்களில் சூளையை விட அந்தப் பகுதிதான் செலவு பிடிக்கும். விற்க வந்தவரிடம் எந்திரத்தின் பின்பக்கக் குழாய் எங்கே முடிகிறது என்று கேளுங்கள். கூரைக்கு மேலே முடிகிறது என்றால், தண்ணீரிலிருந்து எடுத்த அழுக்கை ஊர்க் காற்றில் விடப்போகிறீர்கள் என்று பொருள். உங்கள் பட்டறைக்கு அடுத்த தெருவில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அனுமதியையும் மறக்காதீர்கள். 2016 அபாயக் கழிவு விதிகள் இருக்கின்றன. உங்கள் கார்பன் அதில் எந்த வகையில் வருகிறது, அதை உங்கள் வளாகத்திலேயே சூடாக்கலாமா என்பதை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு எந்திரத்தைப் பற்றி யோசியுங்கள்.

என் கணிப்பைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தனிப் பட்டறைக்கு இது கட்டாது. பத்து இருபது பட்டறைகள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஒன்று வைத்து, வாயு எரிக்கும் அறையும் பொதுவாகக் கட்டினால் அதை நான் முழு மனதோடு ஆதரிப்பேன். அதுவரை சுழல்சூளை வைத்திருக்கும் கார்பன் ஆலைக்கு ஜாப் ஒர்க்குக்கு அனுப்ப முடியுமா என்று விசாரியுங்கள். குருணையாக இருந்தால் மட்டும் எடுப்பார்கள். சுத்திகரிப்புத் தொட்டியில் தூவும் தூள் கார்பன் சேற்றோடு கலந்துவிடுவதால் அதை யாரும் தொட மாட்டார்கள்.

ஒரே கார்பனை எத்தனை முறை இப்படிப் புதுப்பிக்கலாம்? புதுப்பித்தது சரியாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
*வாசகர், ஈரோடு*

எண்ணிக்கை சொல்ல முடியாது. சாதாரணச் சூளையில் ஒவ்வொரு சுற்றுக்கும் 5 முதல் 15 சதவீதம் வரை எடை போகும். எரிந்து போவது கொஞ்சம், உடைந்து தூளாவது கொஞ்சம். குறைந்த அளவுக்குப் புதுக் கார்பன் சேர்த்துக்கொண்டே போவார்கள். அதனால் ஒரே உருளைக்குள் முதல் வருடக் குருணையும் போன மாதக் குருணையும் கலந்தே கிடக்கும்.

சோதிக்க ஆய்வகத்தில் அயோடின் எண் பார்ப்போம். ஒரு கிராம் கார்பன் எத்தனை மில்லிகிராம் அயோடினை இழுக்கிறது என்ற கணக்கு அது. நல்ல தொட்டிக்கரி கார்பன் 1000 பக்கம் காட்டும். ஆனால் அதற்கு நேரம் பிடிக்கும், சூளை ஓடிக்கொண்டிருக்கும்போது காத்திருக்க முடியாது. சூளைக்காரர்கள் கையில் வைத்திருப்பது ஒரு 100 மில்லி அளவுக் குவளையும் தராசும்தான். காய்ந்த குருணையைக் குவளையில் மெதுவாகத் தட்டித் தட்டி 100 மில்லி வரை நிரப்பி எடை போடுவார்கள். புதுசு என்றால் 50 கிராம் பக்கம் நிற்கும். அழுக்கு ஏறியது அதே அளவுக்கு 55, 60 என்று கனக்கும், துளைக்குள் சரக்கு இருக்கிறதே. புதுப்பித்த பிறகு 50-க்கு வந்துவிட்டால் சரி. 45-க்கு இறங்கிவிட்டால் அழுக்கோடு கார்பனையும் சேர்த்து எரித்துவிட்டீர்கள், சூட்டைக் குறையுங்கள். மணிக்கு ஒருமுறை இதைச் செய்து சுவரில் எழுதி வைப்போம்.

என் அப்பா தங்கவயலில் வேலை பார்த்தவர். தேங்காய்த் தொட்டிக் கரி தங்கத்தையே பிடிக்கும் என்று ஒருவர் சொன்னார். நிஜமா?
*வாசகி, கோலார் தங்கவயல்*

நிஜம். தாதுவை அரைத்துச் சயனைடு கரைசலில் தங்கத்தைக் கரைத்த பிறகு, அந்தக் குழம்பிலேயே கார்பன் குருணையைப் போட்டுக் கலக்குவார்கள். கரைந்த தங்கம் குருணையில் ஏறிவிடும். பெரிய அளவில் இதை முதலில் நடத்திக்காட்டியது அமெரிக்காவின் ஹோம்ஸ்டேக் சுரங்கம், 1973-இல். தொட்டிக்கரிக்கு இதில் தனி மரியாதை உண்டு. மற்ற கரியை விடக் கெட்டியானது என்பதால் குழம்பில் உரசி நொறுங்காது. நொறுங்கினால் அந்தத் தூளோடு தங்கமும் வெளியே போய்விடும். தங்கத்தை இறக்கிய பிறகு அதே குருணையை அமிலத்தில் கழுவி, 650 முதல் 750 டிகிரியில் சூடாக்கி, மறுபடி குழம்புக்கே அனுப்புகிறார்கள். உங்கள் கேள்வியைப் படித்ததும் நினைத்துக்கொண்டேன், நம் ஊர்ச் சந்தையில் உடைத்த தேங்காயின் தொட்டி எந்த நாட்டுச் சுரங்கத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறதோ.

கார்பன் உருளையை எங்கள் ஆட்களே இறங்கிக் காலி செய்கிறார்கள். காய்ந்த கரிதானே, விஷவாயு எதுவும் இல்லையே என்று நினைத்தேன். கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?
*வாசகர், பெருந்துறை*

இந்தக் கடிதத்தை முதலில் போட்டிருக்க வேண்டும். அடுத்த முறை ஆள் இறங்கும் முன் இதை அவர்களுக்குப் படித்துக்காட்டுங்கள்.

ஈரமான ஆக்டிவேட்டட் கார்பன் காற்றிலிருக்கும் ஆக்சிஜனை மெல்ல மெல்ல இழுத்துக்கொள்ளும். மூடிய தொட்டிக்குள் ஓர் இரவு ஈரக் கார்பன் கிடந்தால், காலையில் மூடியைத் திறக்கும்போது உள்ளே வாசனை எதுவும் இருக்காது, புகை இருக்காது, கண் எரியாது. ஆள் இறங்கி இரண்டு கூடை அள்ளுவதற்குள் கால் துவளும். பல வருடத்துக்கு முன் ஓர் இடத்தில் நான் நேரில் பார்த்தேன். இறங்கிய பையன் ஏதோ பேசிக்கொண்டிருந்தான், பாதிப் பேச்சில் குரல் நின்றுவிட்டது. இடுப்பில் கயிறு கட்டியிருந்ததால் மேலே இழுத்தோம். உதடு நீலமாக இருந்தது. வெளியே காற்றில் கிடத்திய பிறகு கண் திறந்து, "தூங்கிட்டனாங்க?" என்று கேட்டான். கயிறு கட்டச் சொன்னதற்காக அன்று காலையில்தான் மேஸ்திரியிடம் முணுமுணுத்திருந்தான். அவனைக் காப்பாற்ற இன்னொருவன் கயிறில்லாமல் குதிக்கப் போனான், இரண்டு பேர் சேர்ந்து பிடித்து நிறுத்தினோம்.

ஆள் இறங்கியே ஆக வேண்டும் என்றால் மேல், கீழ் இரண்டு மூடியையும் திறந்து, ஊதுவிசிறியால் வெளிக்காற்றைத் தொடர்ந்து உள்ளே செலுத்துங்கள். ஆக்சிஜன் மீட்டரைக் கயிற்றில் கட்டி அடிவரை இறக்கிப் பாருங்கள். 19.5 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் யாரும் இறங்கக் கூடாது. இறங்கியவர் வேலை முடிக்கும் வரை விசிறி நிற்கக் கூடாது, கயிற்றைப் பிடித்தவர் நகரக் கூடாது. உள்ளே விழுந்தவரைத் தூக்க இன்னொருவர் வெறுமனே இறங்கக் கூடாது.

ஆனால் இறங்காமலேயே முடிக்கலாம். உருளையில் தண்ணீரை நிரப்பி, அடியிலிருந்து குழாயால் பீய்ச்சிக் கலக்கினால் கார்பன் கஞ்சி மாதிரி இளகும். பக்கவாட்டில் மூன்று அங்குல வால்வு ஒன்று வைத்து, அந்தக் கஞ்சியைத் துணிப் பையில் வடித்துவிடலாம், தண்ணீர் திரும்பத் தொட்டிக்கே போகட்டும். அந்த வால்வை வெல்டர் அரை நாளில் வைத்துக் கொடுத்துவிடுவார். வெல்டிங்குக்கு முன் உள்ளே கார்பன் எதுவும் மிச்சமில்லாமல் உருளை காலியாக இருக்கிறதா, மேல் மூடி திறந்திருக்கிறதா என்று நீங்களே நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.